மகாராணியும் என் முழங்கையும்

என் வீட்டுக்காரர் தையல் மிஷின் மெக்கானிக். அவருக்குக் கண் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தையல் ஒர்க்‌ஷாப்புகளில் புதிதாக வேலைக்கு வந்த சூப்பர்வைசர்கள் என்னைத்தான் மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டு, "வாங்கம்மா, ஏழாம் நம்பர் மிஷின் நூல் அறுக்குது" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் முழங்கையை விட்டுவிட்டு, சத்தம் வரும் பக்கம் கையை நீட்டுவார். மிஷினை ஓட்டச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு ஊசித் தட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, "கொக்கி தேஞ்சிருக்கு. ஒரு முடி அளவு" என்பார். கண்ணுள்ளவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

பொறாமை எனக்குப் புதிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் மிஷினைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். என் பின்வரிசையில் ஒருத்தியின் மிஷின் வாரத்துக்கு இரண்டு முறை மக்கர் பண்ணும். அவர் அரைமணி நேரம் அங்கேயே குனிந்து நிற்பார். எனக்கு வயிறு பற்றி எரியும். என் மிஷினோ வஞ்சனை இல்லாமல் ஓடும். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஊசியை உடைக்க ஆரம்பித்தேன், வாரத்துக்கு மூன்று. நான்காவது வாரம் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லங்க. கோளாறு ஓட்டறவங்ககிட்டதான்" என்றார். அந்த வருஷமே கல்யாணம்.

முப்பத்தெட்டு வயதில் அவர் பார்வை ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். எண்ணெயைத் துளைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். இரண்டே வருஷத்தில் எல்லாம் போய்விட்டது. டாக்டர் கைவிரித்த அன்று நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவர், "ஏன் அழற? காது இருக்கு, விரல் இருக்கு, நீ இருக்க" என்றார். என்னை மூன்றாவதாகச் சொன்னாரே என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு புகைச்சல்.

அன்றிலிருந்து பதினைந்து வருஷம் என் வலது முழங்கைதான் அவருக்கு வழி. முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். என் இடது கையில் கருவிப்பெட்டி. ஆறு ஒர்க்‌ஷாப், நாளுக்கு நான்கு பஸ். "சீக்கிரம் நட, பஸ் போயிடும்" என்பதுதான் ரோட்டில் அவர் என்னோடு பேசிய பேச்சில் பாதி. மிஷினைச் சரிசெய்து முடித்ததும் ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். அந்தக் கடைசி ஒரு வேலை என்னுடையது. "ஊசியும் நூலும் வந்தாச்சு" என்று எல்லா இடத்திலும் எங்களைக் கேலி செய்வார்கள். வெளியே முறைப்பேன்; உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

போன வருஷம் என் இடது முட்டி வீங்கியது. படி ஏறினால் உயிர் போகும். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், வழிகாட்டி நாய் தரும் பயிற்சி மையம் ஒன்றுக்கு என்னைக் கேட்காமலேயே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"உன் முட்டிக்கு ரெஸ்ட் வேணும்மா" என்றாள் போனில். "அதுவுமில்லாம, அப்பாவுக்கு ஒரு நாளாவது தனியாப் போகணும்னு ஆசை இருக்காதா?"

முதல் காரணத்தை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது முள் மாதிரி தைத்தது. அவரிடம் போய், "உங்களுக்கு அப்படி ஆசை இருக்கா என்ன?" என்று கேட்டேன். ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்குரூவை எடுத்து அவர் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தப் பதில் போதும்.

நான்கு வாரம் மையத்தில் தங்கிப் பழகிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். லாப்ரடார் இனம், இரண்டு வயது, வெளிர் மஞ்சள் நிறம், இருபத்தெட்டு கிலோ. பெயர் பஞ்சு. வாசலில் நுழைந்த அரை நிமிஷத்தில் வீடு முழுக்க ஒரு சுற்று ஓடி, வாலால் மேஜை மேலிருந்த டம்ளரைத் தட்டி, என் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியிலேயே வைத்து, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள். செருப்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. கூடவே வந்த பயிற்சியாளர், முடியை ஒட்ட வெட்டிய சின்னப் பெண், சிரித்தாள்.

"இந்த இனமே இப்படித்தான்மா. எதையாவது கவ்விட்டு வந்து கொடுத்துக்கிட்டே இருக்கணும். பசி அடங்கவே அடங்காது. ஓட விடலன்னா சோபாவைப் பிச்சிடும்."

பிறகு சட்டதிட்டங்களைச் சொன்னாள். முதுகில் மாட்டுகிற தோல்பட்டையிலிருந்து ஒரு கைப்பிடி நிமிர்ந்து நிற்கும். அதை அவர் இடது கையால் பிடித்துக்கொள்வார். பட்டை மாட்டியிருந்தால் அவள் வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, உணவு காட்டக்கூடாது. ஆறு மாதத்துக்கு அவர் கையால் மட்டும்தான் சாப்பாடு, காலையும் மாலையும் அளவுக் கப்பில். "நீங்க கொஞ்சம் தள்ளியே இருங்கம்மா. அவ சாரைத்தான் தன் ஆளுன்னு நினைக்கணும்" என்றாள் அந்தப் பெண். என் வீட்டில் நின்றுகொண்டு என்னிடம்.

மகாராணி என்று நான்தான் பெயர் வைத்தேன். வெளியே சொல்லாத பெயர் சக்களத்தி.

கல்யாணமான நாளிலிருந்து என் தலைமுடி சிக்கை ஒரு முறை எடுத்துவிடாத மனுஷன், தினமும் காலை அவளைக் காலிடுக்கில் உட்காரவைத்து வாரினார். மஞ்சள் முடி பந்து பந்தாகக் கொட்டும்; கூட்டுவது நான். குளிப்பாட்டினால் காது மடலைத் திருப்பி, ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும் என்று பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைப்பார். நகத்தை விரலால் தடவிப் பார்த்து ராவுவார். ரேடியோ செய்தியை நிறுத்திவிட்டு அவள் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைக் கேட்பார். ஒரு நாள் அடுப்படியில் இருக்கும்போது, "என் ராஜாத்தி" என்று அவர் குரல் கேட்டது. அரிவாள்மனையை வைத்துவிட்டு, "என்னங்க?" என்று போனேன். அவளைச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிட்ட பெயர் அது.

எல்லாவற்றையும்விட அவர் நடைதான் என்னைக் கொன்றது. காலை ஏழரைக்குப் பட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். நெஞ்சு நிமிர்ந்திருக்கும். விறுவிறுவென்று தெருமுனை திரும்பிவிடுவார். பதினைந்து வருஷத்தில் என்னோடு அவர் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

இரண்டாவது நாளே பின்னால் போனேன். பாதுகாப்புக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் எங்கேயாவது தப்புப் பண்ணமாட்டாளா என்று பார்க்கப் போனேன். நொண்டிக்கொண்டே சிக்னல் வரை போவேன். அவர்கள் ரோட்டைக் கடந்து பஸ் ஏறியதும் திரும்பிவிடுவேன். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. குப்பைத்தொட்டியைச் சுற்றிப் போனாள். நடைபாதை முடியும் இடத்தில் சரியாக நின்றாள். ஆனால் மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது மட்டும் ஒரு தடவை தலையைத் திருப்பி, என்னைப் பார்த்து வாலை ஆட்டுவாள். காட்டிக்கொடுக்கிறாள் என்று எனக்குத் திக்கென்றிருக்கும். வாயை அடைக்க லஞ்சம் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவர் குளிக்கும் நேரத்தில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ரொட்டித் துண்டு, வெண்ணெய் தடவி. மகாராணி நாக்கைச் சுழற்றிவிட்டு என் உள்ளங்கையையும் நக்குவாள். அடுத்து ரொட்டிப் பை சரசரத்தாலே போதும், எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவருவாள். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். இங்கே வந்து நிற்கிறாயா இல்லையா என்று.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு மாலை அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கம்பிக் கருவி ஒன்றை எடுத்தார். ஊசியில் நூல் கோப்பதற்காம். யாரோ சூப்பர்வைசர் வாங்கிக் கொடுத்தாராம். வீட்டு மிஷினில் உட்கார்ந்து, தடவி, வைத்து, இழுத்து, நூலைக் கோத்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா! இனிமே உனக்கு இந்தத் தொல்லையும் இல்ல."

தொல்லையாம். நான் உள்ளே போய்விட்டேன். முழங்கை போயிற்று, நூலும் போயிற்று. இனி இந்த வீட்டில் முடி கூட்டத்தான் நான் என்று நினைத்தபோது கண் கலங்கியது. அழுகை வந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். வந்தது ஆத்திரம்.

மறுநாள் காலை அவர்களுக்கு முன்பாகவே கிளம்பி, சிக்னலுக்குப் பக்கத்தில் இருந்த விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நின்றேன். கையில் ரொட்டிப் பை. அவர் விழவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக. அவள் ஒரு தடவை வழி தவறவேண்டும், அவர் தடுமாறி நின்று, "இதைவிட நீயே தேவலை" என்று வீட்டில் வந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அவர்கள் நடைபாதை விளிம்புக்கு ஓரடி இருக்கும்போது பையைச் சரசரவென்று கசக்கினேன்.

மகாராணி வெடுக்கென்று என் பக்கம் திரும்பினாள். கைப்பிடி இழுத்த இழுப்பில் அவர் கால் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் இறங்கியது. வலது கையை ஊன்றி ரோட்டில் விழுந்தார். ஒரு சைக்கிள்காரர் கிறீச்சென்று பிரேக் போட்டு அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை, ஓடிப்போய்த் தூக்கினேன். "பஞ்சு எங்க? அவளுக்கு அடிபட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த நிமிஷத்திலும் எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுருக்கென்றது. நான் அங்கே எப்படி வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

வலது கையில் இரண்டு விரல் வீங்கிக் கட்டுப் போட்டார்கள். எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால் அவர் தொழிலே போயிருக்கும். அந்த மனுஷனுக்குக் கண்ணே அந்த விரல்தான். பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும் மறுபடி என் முழங்கை. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் என் பின்னால் அவர் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பத்து வயது கூடிப்போன நடை. பஸ் போய்விடும் என்றுகூட அவர் சொல்லவில்லை.

வீட்டில் மகாராணி இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். ஏழரை அடித்தால் அவர் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கதவருகே வைப்பாள். யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் போய் என் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைப்பாள். பிறகு இரண்டையும் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

விழுந்த சேதியை மகள் மையத்துக்குச் சொல்லிவிட்டாள். பதினோராம் நாள் அந்தப் பயிற்சியாளர்ப் பெண் வேனில் வந்தாள். எடை பார்க்கும் கருவியையும் நோட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

"முப்பத்தொன்னு" என்றாள். "மூணு கிலோ ஏறியிருக்கு. வெளியில யாரோ ஊட்டறாங்க. உணவுக்கு இழுக்கப்பட்டுத்தான் திரும்பியிருக்கணும்."

"நான்தான்" என்றார் அவர். "கப்பு அளவு தெரியாம கூடப் போட்டுட்டேன். விழுந்ததும் என் கவனக்குறைவு. அவமேல தப்பில்ல."

அந்தப் பெண் நோட்டில் எழுதுவதை நிறுத்தினாள். "சார், யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டும் உங்க தப்புன்னா, பஞ்சுவை நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும். வேற நாய் தர்றதும் கஷ்டம்."

அவர் தாடை ஒரு முறை அசைந்தது. "எழுதிக்கங்கம்மா" என்றார்.

நான் அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்றேன். ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மகாராணி வேனில் ஏறிப் போய்விடுவாள். இனி சாகும்வரை என் முழங்கையிலிருந்து அவர் கையை யாரும் பிடுங்க முடியாது. அவரைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் அவள் காது மடலைத் திருப்பி, ஈரம் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார். இன்றோடு போகப்போகிறவளுக்குக் காது பார்க்கிறார்.

"நான்தாம்மா" என்றேன். "ரொட்டி கொடுத்தது நான். அன்னைக்குப் பையைக் கசக்கினதும் நான்தான். எனக்குப் பொறாமை. போதுமா? எழுதிக்கோ."

அந்தப் பெண் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அவளோ போலீஸ்காரி மாதிரி, "தினமும் எத்தனை துண்டு?" என்றாள்.

"நாலு. வெண்ணெய் தடவி."

"வெண்ணெயுமா?" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு மட்டும் கொழுப்புன்னு வெறும் ரொட்டியா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்க நோட்டால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "அந்த சைக்கிளுக்குப் பதிலா லாரி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கம்மா?" என்றாள். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. மூன்று வாரம் தானே வந்து அவர்களோடு நடப்பதாகவும், அதுவரை நான் காலையில் வாசற்படி தாண்டக்கூடாது என்றும், ரொட்டி என்ற பேச்சே கூடாது என்றும் சொன்னாள். நாய் இருக்கலாம் என்றாள். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்த இனத்துக்கு வேலை மட்டும் பத்தாது. தினமும் சாயங்காலம் பட்டை இல்லாம வெறிபிடிச்ச மாதிரி ஓடணும். பந்து எங்க விழுதுன்னு பாக்க ஒரு ஆள் வேணும். பட்டை மாட்டினா அவ சாரோட. கழட்டினா உங்களோட."

வேன் போன பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ பின்னாடி வர ஆரம்பிச்ச அன்னைக்கே. இவ வாலை ஆட்டினா உடம்பே ஆடும். கைப்பிடி என் கையில துள்ளும். வேற யாரைப் பாத்தும் வேலை நேரத்துல இவ அப்படி ஆட்டினதில்ல. நீ ஒருத்திதான்."

"பின்ன ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியே" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.

இப்போதெல்லாம் காலையில் வாசலோடு நின்றுகொள்கிறேன். அவர்கள் நிமிர்ந்து போகிறார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் விளையாட்டுத் திடலுக்குப் போகிறோம். அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பந்தை எறிவேன். மகாராணி நாலு காலும் தரையில் படாமல் பறப்பாள். மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அதில்தான் முதலில் விழுவாள். திரும்பி ஓடிவரும் சத்தம் கேட்டதும் அவர் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுவார். அவள் அவரைக் கடந்து வந்து, எச்சில் பந்தை என் உள்ளங்கையில் வைப்பாள்.

நேற்று எறிந்து முடித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை தடவை எறிஞ்ச?"

"இருபத்திரண்டு."

"என்கிட்ட எத்தனை தடவை கொண்டு வந்தா?"

இரண்டு மூன்று என்று பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு தடவைகூட இல்ல" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்கு நன்றாகப் பழகிய முகம். இரண்டு மாதம் கண்ணாடியில் நான் பார்த்தது அதைத்தான். ரொம்ப நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"நாளைக்கு நான் எறியறேன்" என்றார்.

"எறிங்க. கொண்டு வந்து என்கிட்டதான் கொடுப்பா."

அவர் எழுந்து நின்று கையை நீட்டித் துழாவினார். மகாராணிக்குப் பட்டை இல்லை. என் இடது பக்கம் சங்கிலியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேலை முடிந்தவளாக நின்றாள். அவர் கை என் வலது முழங்கையைத் தேடிக் கண்டுபிடித்தது. கட்டுப் பிரித்த விரல்கள், பழைய இடம். திடலைத் தாண்டி எங்கள் தெரு திரும்பும்போது அவர் நின்றார்.

"சுத்திப் போலாமா?"

"என் முட்டியை வெச்சுக்கிட்டா?"

"பஸ் ஒண்ணும் பிடிக்க வேண்டாமே" என்றார். "மெதுவாப் போலாம்."